செய்யாமையும் வினையாதல்

பிறர் படும் இடுக்கணைக் கண்டுவைத்தும், உதவும் ஆற்றல் உடையனாயிருந்தும், உதவாது ஒழிந்தான் ஒருவனுக்கு அவ்வொழிவு பற்றித் தீவினை உண்டாமோ என்னும் வினா சைவருள் எழுவதும், எழுந்த அளவிலே ஒரு விடையால் அடக்கப்படுவதும் வழக்கமாயுள்ளன. அவ்விடையாவது: துன்புறுவான் தன் பழவினையை நுகர்கின்றான், அதனை ஊட்டுவான் இறைவன், இடையிற் புகுதற்குப் பிறிதோர் உயிருக்கு உரிமையில்லை, புகாதொழிந்தான் யாதொன்றும் செய்திலன், செய்யாதவனுக்கு வினை யாது? என்பதாம். இவ்விடை சித்தாந்த நூல்களின் சொற்களாலேயே சொல்லப்படுதலின் சித்தாந்தமே போலத் தோன்றும். சொற்பொழிவுகளில் இது பெரியோர் கூற்றாக எடுத்தாளப்படுவதும் உண்டு. ஆயினும் இது சித்தாந்தம் ஆகாமையும், இதற்குச் சான்றாகக் காட்டப்படும் திருமுறையே இதனை மறுத்து நிற்றலும் ஈண்டு ஆராயப்படும். அவ்வாராய்ச்சிக்குத் துணையாகக் கொள்ளப்படுவது காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலிலுள்ள ஒரு கல்வெட்டு. தத்துவ ஆராய்ச்சியிற் கல்வெட்டுக்கு என்ன வேலை எனின், இன்னது செய்க என நூல்கள் கூறும். செய்யப்பட்டது யாது, யாவர்க்கு, எத்துணை நாழி நெற்கொண்டு என்பதைக் கல்லே கூறும் என்க.

முதற்கண் திருமுறைச் சான்று. திருஞானசம்பந்த சுவாமிகள் கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்துப் பனிப்பருவம் வந்து, உடனிருந்த பரிசனங்களைக் குளிர்சுரம் பற்றியது. அவர்கள் அதனை விண்ணப்பஞ் செய்ய, சுவாமிகள் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும் வரலாறு. அப்பதிகத்தின் முதற்பாட்டு, முன்செய்த வினைக்கு இப்போது வந்தது பயனாம் என்று சொல்லும் வழக்கை எடுத்துக்கொண்டு தொடங்குகின்றது. வினை வழியே துன்பம் என்பார் இத்தொடக்கத்தை மட்டும் அறுத்தெடுத்து, ஞானசம்பந்தரே இவ்வாறு அருளினார் என்பர். பாட்டு அவ்விடத்து முடியவில்லை. அவ்வாறு சொல்லித் திரிவாரை முன்னிலைப்படுத்தி, உய்யும் வழியைத் தேடாது வாளாவிருத்தல் அவர்க்குக் குறையேயன்றோ என்று இடித்துக் கேட்டே அது மேற்செல்கின்றது. பூர்வபக்கத்தைச் சித்தாந்தமாகக் கொள்ளும் பிழை தருக்க நூல் பயின்றாரிடத்து நிகழலாகாது. பக்திப் பாடலில் மட்டும் அஃது எவ்வாறோ பொறுக்கப்படுகின்றது.

இனி அப்பாட்டின் கருத்தை நுணுகி நோக்கின், வினைக் கொள்கை அங்கே மறுக்கப்படவில்லை என்பது விளங்கும். துன்பத்துக்குக் காரணம் பழவினை என்பது உடன்படப்பட்டதே. மறுக்கப்படுவது அக்கொள்கையினின்றும் வருவிக்கப்பட்ட சோம்பலே. காரணம் இன்னதென அறிதல் வேறு, அதுபற்றி இனிச் செய்யத்தக்கது யாதுமில்லை எனத் துணிதல் வேறு. சுரத்துக்குக் காரணம் பனியென்று அறிந்த மருத்துவன், பனியினால் வந்தது என்று சொல்லிப் போர்வையை மடித்து வைப்பானல்லன்.

அற்றேல், துன்புறுவானுக்கு உதவுதல் அவன் வினைக்கழிவைத் தடுப்பதாகாதோ எனின், ஆகாது. என்னை? பிராரத்தம் வந்து பொருந்தும் வாயில்கள் பலவென்பது நூல்களால் உணரப்படும். தன்னால் வருவன, பிறவுயிர்களால் வருவன, தெய்வத்தால் வருவன என அவை மூவகைப்படும். பிறவுயிர்களால் வரும் பயன் துன்பம் ஒன்றேயன்று. இன்பமும் அவ்வாயிலாற்றான் வரும். வழியில் வீழ்ந்து கிடப்பான் ஒருவனுக்கு இத்துணைப் பொழுது கிடத்தலும், இன்னான் வந்து எடுத்தலும் ஒருங்கே அவன் பிராரத்தத்துள் அடங்கியிருத்தல் கூடும். அடங்கியுள்ளதோ இல்லையோ என்பதை அறிவான் முற்றறிவினனாகிய இறைவன் ஒருவனே. சிற்றறிவும் சிறுதொழிலும் உடைய உயிர், இவன் வினை இன்னும் இத்துணை எஞ்சியுள்ளது, ஆதலின் இவனை விடுத்தல் தக்கது என்று அளந்து கூறுமாயின், அது தனக்கில்லாத பதியிலக்கணத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டதாம். வினைக்கு அஞ்சுவானைப் போலப் பேசுகின்றவன் உண்மையில் வினைமுதல்வனது இருக்கையிலே ஏறி அமர்கின்றான்.

துன்பம் இறைவனது மறக்கருணை என்று கொண்டு அதனை மாற்ற முயலுதல் அருளுக்கு மாறென்பாரும் உளர். அவர்க்குத் திருவதிகை விடை கூறும். திருநாவுக்கரசு சுவாமிகளை ஆட்கொள்ளுதற்குச் சூலை நோய் சிவபெருமானாலேயே தரப்பட்டது. மறக்கருணைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்நோயோடு தம்பியார் தம் திருமடத்து வந்து வீழ்ந்தபோது திலகவதியார் அஃது இறைவன் தந்ததென்று சொல்லிக் கதவடைத்தாரல்லர். திருநீறு அளித்தார், உடனழைத்துத் திருவீரட்டானம் புகுவித்தார். அவ்வம்மையார் முன்னர்ப் பாடலிபுத்திரத்துச் சமண் பள்ளிக்கு வர உடன்படாமையைக் காட்டி மறுப்பார்க்கும் இடமில்லை. அவர் மறுத்தது அவ்விடத்தை. தம்பியாரின் நோயை அன்று. நோய் அருளாயின் அந்நோய்க்கு வாய்த்த துணையும் அருளேயாம். ஒன்றனை அருளெனக் கொண்டு மற்றொன்றை அருளுக்கு இடையூறு என்றல் ஒரு கண்ணாற் பார்த்தலாகும். சல்லியக்கிரியை செய்யும் மருத்துவன் அறுத்தலும் கருணையே. அதுபற்றி, புண்ணைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பான் தன்னை மருத்துவனோடு ஒப்பிட்டுக் கொள்ளுதல் நகைக்கத்தக்கது.

இவ்வளவால் துன்புறுவான் பக்கத்து நியாயம் முடிந்தது. எஞ்சியிருப்பது உதவாதான் பக்கத்து நியாயம். இதுவே வலியுடையது; இதனை எளிதில் தள்ளிவிடுவார் இதன் வலியை உணர்ந்திலர்.

செய்யாமை என்பது ஓர் இன்மை. இன்மையினின்றும் உள்ளதொன்று தோன்றாது என்பது சற்காரியவாதிகளாகிய சித்தாந்திகளும் உடன்பட்ட நியாயம். ஆகவே செய்யாமையினின்றும் ஆகாமியம் என்னும் உள்பொருள் தோன்றுமாறு எங்ஙனம்? இவ்வினா புதியதன்று. நித்திய கருமத்தைச் செய்யாதொழியின் பிரத்தியவாயம் என்னும் குற்றம் உண்டாம் என்பர் மீமாஞ்சகர். சங்கராசாரியர் தைத்திரீய உபநிடத பாடியத்தில் அதனை மறுத்து, செய்யாமை இன்மையாதலின் அது குற்றத்தைப் பிறப்பிக்கமாட்டாது. முன்செய்த தீவினை உண்டென்பதைக் காட்டும் அடையாளமாகவே நிற்கும் என்றார். உதவாமை வினையாகாது என்னும் சைவர், தம்மை அறியாமலே இம்மறுப்பைக் கடன் வாங்குகின்றனர். கடன் வாங்குவதிற் குற்றமில்லை. தம் வீட்டிலுள்ள பொருளைக் காணாது கடன் வாங்குதலே பரிதாபம்.

வீட்டிலுள்ள பொருளாவது யாது? இருள் என்பது ஒளியின் இன்மையே என்பர் தார்க்கிகர். ஆணவமும் அவ்வாறே அறிவின் இன்மை மாத்திரையே எனின் வரும் இழுக்கென்ன என்று சித்தாந்தியை நோக்கி வினாவுவாரும் உளர். சித்தாந்தி அதனை உடன்படான். கண்ணை மறைத்தலாகிய தொழிலைச் செய்தலின் இருள் உள்பொருள். அவ்வாறே அறிவு இச்சை செயல்களை மறைத்து நிற்றலின் ஆணவமும் உள்பொருள் என்பது அவன் துணிவு. ஆணவம் உள்பொருளன்றாயின் அதனைப் போக்குதற்கு அருளும் வேண்டா, தீக்கையும் வேண்டா. சித்தாந்த மாளிகை முழுதும் சரியும். இத்துணை முதன்மை வாய்ந்த நிலைப்பாட்டை ஆணவத்தின் இலக்கணம் கூறுமிடத்து மட்டும் வைத்துக்கொண்டு, ஒழுக்கம் பேசுமிடத்துக் கைவிடுதல் பொருந்தாது. பிறனது நோவைக் கண்டும் நெகிழாத நெஞ்சிலே நிகழ்வது இரக்கத்தின் இன்மை மாத்திரையன்று. இரக்கம் எழவொட்டாது மறைத்து நிற்கும் ஒன்றன் தொழில் அங்கே நிகழ்கின்றது.

இதனை எளிய வழியாலும் காட்டலாம். வழியோரத்துக் கல் வீழ்ந்தானுக்கு உதவுவதில்லை. உறங்குவானும் உதவுவதில்லை. ஓசை கேளாத தொலைவில் உள்ளானும் உதவுவதில்லை. கண்டு, இன்னானென அறிந்து, இப்போது நின்றாற் பொழுது போமென்று எண்ணி, கண்டும் காணாதவன் போல நடந்தவனும் உதவுவதில்லை. இந்நால்வகை உதவாமையும் ஒன்றென்பார் எவருமிலர். முதல் மூன்றும் இன்மையே. நான்காவதில் மனம் எண்ணிற்று. வாக்கு ஒன்று சொல்லாது தன்னை அடக்கிற்று, அல்லது ஒரு சமாதானம் சொல்லிற்று. காயம் விலகி நடந்தது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றும் தொழிற்பட்டவிடத்து ஆகாமியம் உண்டாம் என்பது நூற்றுணிவாதலின், இவன் செய்யாதவன் அல்லன்; மூன்று கருவிகளாலும் செய்தவனே. செய்யாமை என்னும் பெயர் உதவியை நோக்கிச் சொல்லியதன்றி, அவனை நோக்கிச் சொல்லியதன்று என்க.

இனித் திருமுக்கூடற் கல்வெட்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்றும் கூடுமிடத்து, பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ளது திருமுக்கூடல். ஆண்டுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழதேவரின் 6-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1069-இல், நெடிய சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டது. 1915-இல் படியெடுக்கப்பெற்ற இது பின்னர்க் கே. வி. சுப்பிரமணிய ஐயரால் எபிகிராபியா இண்டிகாவில் விரிவாகப் பதிப்பிக்கப்பெற்றது. வயலைக்காவூரினின்று வரும் வருவாய் இக்கோயிலுக்கு ஆக்கப்பட்டதும், அக்கோயிலின் நாள்வழிபாடு, திருவிழா, வேதமும் வியாகரணமும் ஓதும் பள்ளி, பள்ளியில் ஓதுவார்க்கு உணவு, அவர்க்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய்முழுக்கு, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலை ஆகியவற்றுக்கு நிபந்தம் வகுக்கப்பட்டதும் இதனாற் பெறப்படும். விண்ணகரமாகிய இவ்விடத்தில் உணவு பெறுவார் வரிசையிற் பாஞ்சராத்திரரோடும் வைகானசரோடும் சிவப்பிராமணரும் வைக்கப்பட்டிருத்தல் இற்றைச் சமயப் பூசலாளர் ஒருமுறை படித்துப் பார்க்கத்தக்கது.

ஆதுலர் என்பார் நோயாளர். அவர் கிடத்தற்குப் பதினைந்து படுக்கைகள். ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. மருத்துவம் பார்ப்பவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர்; அவர்க்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி, ஆண்டுக்குக் காசு எட்டு. சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு நாளொன்றுக்குக் குறுணி. மருந்துக்கு வேண்டும் வேரும் தழையும் பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து அடுவார் இருவர், ஒவ்வொருவர்க்கும் குறுணி. நோயாளர்க்கு வேண்டும் பரிகாரம் செய்யும் பெண்டிர் இருவர், ஒவ்வொருவர்க்கும் நானாழி. நாவிதன் ஒருவன், நீர் கொணர்வான் ஒருவன், இவர்க்கும் நானாழி. எட்டு நாழி கொண்டது குறுணி, பன்னிரு குறுணி கொண்டது கலம். முந்நூற்றறுபது நாள் கொண்ட ஆண்டுக்குக் கணக்கிடின் மருத்துவர்க்கு 90 கலம், சல்லியக்கிரியையோனுக்கு 30, மருந்து அடுவார்க்கு 60, பெண்டிர்க்கு 30, நாவிதனுக்கு 15, நீர் கொணர்வானுக்கு 15. ஆகப் பணியாளர்க்கு மட்டும் 240 கலம் நெல். பதினைந்து நோயாளருக்கு அரிசி ஆண்டுக்கு 5,400 நாழி, அதாவது ஐம்பத்தாறேகாற் கலம். இவையன்றிச் சாலையிற் சேமித்து வைத்தற்குரிய மருந்துகள் பெயர் பெயராக எண்ணப்பட்டுள்ளன: தசமூல அரீதகி, கோமூத்திர அரீதகி, பில்வாதி கிருதம், வச்சிரகற்பம், கல்யாண லவணம், புராண கிருதம் என இருபதளவு. இரவில் எரிய விளக்கெண்ணெய்க்கும் காசு ஒதுக்கப்பட்டது. வேனிலில் சனநாத மண்டபத்தே ஏலமும் இலாமிச்ச வேரும் இட்ட தண்ணீர் வைக்கவும் நிபந்தம் உண்டு.

இக்கணக்கைக் கண்டு அக்காலத்துப் பெருமை பேசிக் களித்தல் எளிது. பலரும் அதனோடு அமைந்துவிடுகின்றனர். நோக்கத்தக்கது வேறு. இச்சாசனத்தில் இரக்கம் என்னும் சொல்லுக்கு வேலையே இல்லை. ஈகையின் சிறப்பைக் கூறும் வாசகமும் ஆதுலசாலைப் பகுதியில் இல்லை. இருப்பது இன்னார் இன்னது செய்க, அதற்கு இத்துணை நெல் என்பதொன்றே. நோயாளி ஒருவன் இரவிலே தண்ணீர் வேண்டின், எவனுக்கு அவ்வேலை என்ற ஐயத்துக்கு இடமில்லை. எல்லார்க்கும் பொதுவான கடன் ஒருவர்க்கும் உரியதன்றி ஒழிந்துபோதல் உலகியற்கை. அவ்வொழிவை அறிந்த ஒருவர் அல்லது சிலர் அதனைப் பகுத்து, எட்டுப் பேர் கையில் நானாழியும் குறுணியுமாக வைத்தனர். நீர் கொணர்வான் வாராதொழிந்த நாளில் நிகழ்ந்தது வெறும் இன்மையென்று திருமுக்கூடலில் ஒருவரும் சொல்லியிரார்.

இவ்விடத்துத்தான் இக்கால நீதி நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன்படும். 1837-இல் மெக்காலே இந்தியத் தண்டச் சட்டத்துக்கு வரைவு இயற்றியபோது, செய்யாமையால் வரும் கேட்டுக்கு எவ்வளவில் ஒருவன் பொறுப்பாவான் என்பதனை விரித்து ஆராய்ந்தார். அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று ஆறு பற்றியது. வெள்ளம் மிக்கது, கடக்கலாகாது என்று அறிந்த ஒருவன் வழிப்போக்கனுக்கு அதனைச் சொல்லாதொழிந்து, அச்செய்யாமையால் வேண்டுமென்றே அவன் சாவை விளைவிக்கின்றான். வழிப்போக்கரை எச்சரித்தற்கென்று அதிகாரிகளால் நிறுத்தப்பட்ட சேவகனாயின் அது கொலை; வழிகாட்டுவதாகக் கூலி பேசியவனாயினும் கொலை; மனிதன் என்னும் உறவையன்றி வேறு உரிமை எதனையும் வழிப்போக்கன் கொண்டாட இயலாத ஒருவனாயின் கொலையன்று. கல்கத்தாவினின்று மீரத்துக்குச் சென்று சத்திரம் பண்ண மறுத்த வைத்தியனையும் அவர் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் அவ்வொருவனே அதனைச் செய்ய வல்லவனாயினும், அவன் போகாமையால் நோயாளி இறப்பது உறுதியாயினும், அவனைக் கொலைகாரன் என்றல் கூடாதென்பது அவர் முடிபு. 1860-இல் நிறைவேறிய சட்டம் சட்டவிரோதமான செய்யாமையையே செயலோடு ஒப்ப வைத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்வளவில் அதனையே தழுவுகின்றது. பிரெஞ்சு நாட்டிலோ, தனக்கு இடரின்றி உதவக்கூடியவன் இடருற்றானுக்கு உதவாமையே தண்டத்துக்குரிய குற்றம்.

மெக்காலேயைக் குறை கூறுதல் ஈண்டு நோக்கமன்று. அரசன் தண்டிக்கத்தக்கது எதுவென்பதே அவர் ஆராய்ந்தது. தவறென்பது அனைத்தும் தண்டத்துக்குரியதன்று என்பதை அவரே நன்கு அறிந்திருந்தார். சைவர்க்கு வேண்டுவது அவர் கழித்து ஒதுக்கிய மூன்றாமவன். மனிதன் என்னும் உறவொன்றே உடையவன் என்று அங்கே விடப்பட்டவனிடமிருந்துதான் சித்தாந்தியின் ஆராய்ச்சி தொடங்குகின்றது. உயிர்கள் எல்லாம் பதியின் உடைமை. பசு என்னும் பெயரே அதனை உணர்த்தும். ஓர் ஆண்டையின் கொட்டிலிற் பணிபுரியும் இருவருள் ஒருவன், மற்றொருவன் மேய்க்கும் மாடு கிணற்றில் வீழக் கண்டும், அது தன் பொறுப்பிலுள்ள மாடன்று என்று சொல்லிப் போவானாயின், ஆண்டை அவனை வினவுதற்கு அவ்விருவர்க்கிடையே உடன்படிக்கை ஒன்று வேண்டுமோ? வழிப்போக்கன் மற்றவனைக் கேட்கும் உரிமை தன்னதன்று, உடையானது. ஆதலின் அவ்வுரிமை கூலி பேசப்பட்டதோ இல்லையோ என்பதனால் தோன்றுவதும் கெடுவதும் இல்லை.

இனிச் செய்யாமை பெருக வளர்ந்த ஒரு காலத்தையும் நோக்குக. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பிற பகுதிகளையும் வருத்திய பெரும்பஞ்சத்தில், பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலக்கத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகின்றது. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க லிட்டன் பிரபுவால் அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், கூலி வேலை செய்யும் ஆண்மகன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று வகுத்தார். போதாதென்று சுகாதார ஆணையராகிய டாக்டர் கார்னிஷ் வாதித்தார். சில திங்கள் கழித்து அவ்வளவு ஒன்றேகால் இராத்தலாகச் சிறிது பருப்போடு உயர்த்தப்பட்டது. டெம்பிள் கொடியவராகவே பிறந்தவர் அல்லர் என்பதுதான் இங்கே அஞ்சத்தக்க செய்தி. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவினின்று அரிசி வருவித்துச் சாவு நேராமற் காத்தவர் அவரே. அதற்காகப் பணத்தை வாரியிறைத்தார் என்று பழிக்கப்பட்டவரும் அவரே. வழி அறியாதவன் வழி விட்டதன்று இது. அறிந்த வழியை மறுமுறை நடவாமை. பஞ்ச காலத்திலும் இந்தியாவினின்று கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வாணிகத்தில் அரசு கை வையாதிருத்தலே நெறி என்னும் கொள்கை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இயற்கை தன் வழியே செல்க என்பது அவர் பாடை. வினை தன் வழியே கழிக என்பது இவர் பாடை. இரண்டிலும் பட்டினி கிடந்தவன் ஒருவனே.

அதே பஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்தையும் பஞ்சமும் பேதியும் வாட்டியபோது, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளுக்கு உணவூட்டினார்கள். நாவலரவர்கள் வினைக் கொள்கையை அறியாதவர்களல்லர். அதனைத் தமிழிலே தெளிவுறப் போதித்தவர்களுள் அவர்களினும் மிக்காரைக் காண்டல் அரிது. கஞ்சி வார்க்குமுன் வந்தவனது பிராரத்தத்தை அவர்கள் விசாரித்ததாக ஒருவரும் எழுதிவைத்திலர்.

திருமுக்கூடலுக்கே மீள்க. அச்சாசனத்தைப் புகழ்ந்த அளவில் விடுதல் ஆராய்ச்சியாகாது. அங்கு வகுக்கப்பட்ட பதினைந்து படுக்கைகள் யாவர்க்கு? பள்ளியில் ஓதுவார்க்கும் கோயிற் பணியாளர்க்குமே அவை ஏற்பட்டன என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். சாலையின் அமைப்பும் அதற்கு இயைபுடையதே. அந்நெல்லை விளைத்தவர்களோ வயலைக்காவூர் உழவர்கள். அவர்களுள் ஒருவன் சுரத்தோடு ஆற்றைக் கடந்து வந்து வாயிலில் நின்றால் என்ன செய்யத்தக்கதென்று கல் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து படுக்கையும் நிறைந்த நாளில் வந்த பதினாறாமவனைப் பற்றியும் சொல்லவில்லை. பகுத்து வைக்கப்பட்ட கடனுக்கு இஃதொரு குறை. எட்டுப் பேர்க்கு உரியதென்று வரையறுத்தவுடனே, ஏனையோர் அனைவர்க்கும் உரியதன்று என்னும் எண்ணமும் உடன் பிறக்கின்றது. இற்றைக்கும் அருகிலே மருத்துவமனை உண்டு, அதற்கு ஆள் உண்டு, ஊர்தி உண்டு என்று சொல்லிக்கொண்டு விபத்துற்றுக் கிடப்பானைக் கடந்து போவார் உளர். உதவப் புகுந்தவனை வழக்கிற்கு இழுத்து அலைக்கலாகாதென்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிடவும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென ஒரு பிரிவு சேர்க்கவும் நேர்ந்தது, அவ்வாறு கடந்து போவார் தொகை எத்துணையென்பதைக் காட்டும்.

அஃதேல், உலகிலுள்ளார் அனைவரது துன்பத்துக்கும் ஒவ்வொருவனும் வினையுடையவன் ஆவனோ? அவ்வாறாயின் ஒருவனும் உய்யான். உதவாமையின் வினை அளவிறந்து பெருகி, முத்தி என்பது சொல்லளவாய் ஒழியும். இத்தடை பொருளுடையதே. விடை உயிரின் மூவகை ஆற்றலிலேயே உள்ளது. அறிதல், விழைதல், செய்தல் என்னும் மூன்றும் ஒருங்கு கூடுமிடத்தே வினை. அறியாதவிடத்து அறிவின்மை காரணமாகக் குற்றம் குறையும். அறிந்தும் செயலாற்றல் இல்லாதவிடத்து இச்சையளவிலே நின்றவன் உதவாதவன் ஆகான். படுக்கை நிறைந்தபின் வந்த பதினாறாமவனை ஏற்க இயலாத மருத்துவர்க்கு அதுபற்றி வினையில்லை. அவன் வந்து திரும்பியதை அவர் அறிந்து, பதினாறாம் படுக்கையிடும் ஆற்றலுடைய சபையார்க்கோ அரசர்க்கோ அறிவித்தால், அவ்வறிவோடு அக்கடனும் அவர்கள் கைக்கு மாறும். அறியாதிருத்தற்கென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கு அவ்வறியாமை துணையாகாது. அங்கே அறிவை மறைத்தது மலம் மட்டுமன்று; அவன் இச்சையும் அதற்கு உடன்பட்டது. டெம்பிளுக்கு அறிவும் ஆற்றலும் இருந்தன, பீகாரே சாட்சி. இவ்விரண்டும் உள்ளவிடத்து எஞ்சியது இச்சை ஒன்றே.

கொடிமாடச் செங்குன்றூர் வரலாற்றில் எளிதில் விடப்படும் ஒரு செய்தி உண்டு. சுரம் பற்றியதென்று வந்து விண்ணப்பித்தவர்கள் சுவாமிகளின் பரிசனங்கள். அந்நாட்டு மக்களும் பருவந்தோறும் அந்நோயால் வருந்தினவர்களே. அவர்கள் வந்து கேட்டதாகப் புராணம் கூறவில்லை. பதிகம் அருளியபின் சுரம் நீங்கியது பரிசனங்களிடத்து மாத்திரமன்று, அந்நாடு முழுவதினும் என்று சேக்கிழார் சுவாமிகள் அருளுவர். பதிகத்தினுள்ளே வினை தீண்டாமைக்குச் சொல்லப்படும் தன்மைப்பன்மை யாவரை உளப்படுத்தது என்று உரைகாண்பார், அதனைச் சுவாமிகளோடு வந்த அடியார் அளவில் நிறுத்துதற்கு இவ்வரலாறு இடந்தருவதாக இல்லை.